எடைக்குப் போன கேஸ் ஷீட்டுகள்

2024 ஆகஸ்ட் 7 அன்று டி.சி.ஜி.ஐ. வெளியிட்ட உத்தரவைப் பற்றி இந்த இதழ் என்ன சொல்கிறது என்று வாசகர்கள் கேட்கிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய இடங்களில் ஒப்புதல் பெற்ற மருந்துகளில் ஐந்து வகைகளுக்கு உள்நாட்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்கிறது உத்தரவு. அரிய நோய் மருந்துகளும் மரபணு, செல் சிகிச்சைகளும் அந்த ஐந்தில் இருக்கின்றன. எம்.என்.டி. பார்க்கும் நாம் இதில் வாய் திறக்காமல் இருக்க முடியாது.

விலக்கை வரவேற்கிறோம். ரிலுசோலை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை பைபாப் பற்றியும் பெக் ட்யூப் பற்றியும் எப்படிப் பேச்செடுப்பது என்று யோசிக்கிற எவரும் இதை எதிர்க்க மாட்டார். டோஃபர்செனை எடுத்துக்கொள்வோம். எஸ்.ஓ.டி.1 மாற்றம் உள்ளவர்கள் ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 2 சதவீதம். உலகம் முழுக்கத் தேடிச் சேர்த்த வேலர் சோதனையிலேயே 108 பேர்தான் இருந்தார்கள். இங்கே தனியாக ஒரு சோதனைக்கு ஆள் சேர்த்து முடிப்பதற்குள், சேர வேண்டியவர்களில் பாதிப் பேர் நம்மிடம் இருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த ஆறு வாசல்களும் ஒரே பக்கம் திறப்பவை அல்ல. எடாரவோனுக்கு ஜப்பான் 2015-இலும் அமெரிக்கா 2017-இலும் ஏ.எல்.எஸ்.ஸுக்காக ஒப்புதல் தந்தன. ஐரோப்பாவில் போட்ட விண்ணப்பத்தை நிறுவனமே 2019-இல் திரும்பப் பெற்றது. ரெலிவ்ரியோவுக்கு 2022-இல் கனடாவும் அமெரிக்காவும் தலையசைத்தன, 2023-இல் ஐரோப்பா மறுத்தது. 664 பேரை வைத்து நடந்த ஃபீனிக்ஸ் சோதனை தோற்ற பிறகு 2024 ஏப்ரலில் நிறுவனமே மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. எடாரவோனின் ஒப்புதலுக்கு அடிப்படையான ஜப்பானியச் சோதனையில் 137 பேர். ரெலிவ்ரியோவின் முதல் சோதனையிலும் 137 பேர். வாசல்கள் முரண்படும்போது எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு டி.சி.ஜி.ஐ. எழுத்தில் விடை தர வேண்டும். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

நம்மை உறுத்துவது வேறொன்று. 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் விதிகளிலேயே விலக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. மருந்தின் வளர்சிதை மாற்றத்திலோ பலனிலோ பாதுகாப்பிலோ இந்திய மக்களிடம் வேறுபாடு உண்டு என்பதற்கு, இருக்கும் அறிவின்படி, சான்று இருக்கக் கூடாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த ‘இருக்கும் அறிவு’ எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்து இல்லை என்பது ஒன்று. தேடவே இல்லை என்பது இன்னொன்று. கோப்பில் இரண்டையும் ஒரே சொல்லால்தான் எழுதுகிறார்கள்.

வேறுபாட்டுக்கான தடயங்கள் நம் கண் முன்னே கிடக்கின்றன. ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள சி9ஓ.ஆர்.எஃப்.72 விரிவாக்கம் ஆசியாவில் குறைவு. பெங்களூரில் 30 ஆண்டுகளில் பார்த்த 1,153 ஏ.எல்.எஸ். நோயாளிகளைப் பற்றி 2008-இல் வந்த கட்டுரையில், நோய் தொடங்கும் வயது மேற்கத்தியத் தொடர்களைவிட இளமையாகவும், வாழ்நாள் நீண்டதாகவும் இருந்தது. நியூரோஃபிலமென்ட் குறைந்ததை வைத்து டோஃபர்செனுக்கு விரைவு ஒப்புதல் கிடைத்தது. மெதுவாக நகரும் நம் நோயாளியிடம் அதே அளவுகோல் எதைக் காட்டும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு நோய் இருக்கிறது. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் 1970-இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் விவரித்த மெட்ராஸ் எம்.என்.டி.யை இந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: ஒல்லியான இளைஞர், ஒரு பக்கம் கூடுதலாகச் சூம்பிய கை, முகத் தளர்ச்சி, மந்தமான காது. 2003-இல் கௌரி தேவியும் நளினியும் பார்வை நரம்புத் தேய்வோடு வரும் வகையை ஏழு பேரிடம் காட்டினார்கள். 1971 முதல் 2007 வரை, 36 ஆண்டுகளில் பெங்களூர்க் குழு சேர்த்தது 116 பேர். பிரவுன்–வயலெட்டோ–வான் லேர் நோயின் ரைபோஃபிளேவின் கடத்தி மரபணுக்கள் தெரியவந்ததும், அதே நோய்தானோ, வைட்டமினுக்கே மசியுமோ என்று நாம் எல்லோரும் ஆசைப்பட்டோம். அல்ல என்று 2013-இல் பெங்களூரும் லண்டனும் சேர்ந்து சோதித்துச் சொல்லிவிட்டன. எது அல்ல என்பது தெரிந்துவிட்டது. எது என்று எல்லோரும் ஏற்கும் விடை, விவரித்து அரை நூற்றாண்டு கடந்தும் நம் கையில் இல்லை.

இப்படிப்பட்ட நோயை அவிழ்ப்பது ஒரே நோயை ஆயுள் முழுக்கப் பின்தொடரும் ஒருவரால்தான் முடியும். ஹிராயாமா 1959-இல் இளைஞர்களின் ஒரு கைச் சூம்பலை எழுதியபோது அதுவும் இயக்க நரம்பணுத் தேய்வு என்றே எண்ணப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு நெருக்கத்தில் கிடைத்த முதல் பிரேதப் பரிசோதனையும், அதன்பின் கழுத்தைக் குனிய வைத்து எடுத்த படங்களும்தான் தண்டுவடம் நசுங்குவதைக் காட்டின. இன்று வளரும் வயதில் பிடித்தால் ஒரு கழுத்துப் பட்டை பலருக்கு நோயை நிறுத்துகிறது. விடாமல் பார்த்துக்கொண்டே இருந்ததன் பலன் அது.

நம் ஊரில் அப்படிப் பார்க்க என்ன கிடைத்தது? இந்த இடத்தில் ‘நாம்’ என்பதை விட்டு ‘நான்’ என்றே எழுதுகிறேன். நான் முதுகலை படித்த மருத்துவமனையில் என் ஆசிரியர் இந்த இளைஞர்களின் கேஸ் ஷீட்டுகளுக்கு மட்டும் சிவப்பு நாடா கட்டி வைப்பார். “வருஷம் ஒரு தடவை கார்டு போட்டு வரச் சொல்லுப்பா, வராட்டி ஏன் வரலைன்னு கேளு” என்பார். அவர் ஓய்வுபெற்று சில ஆண்டுகளில் கட்டடப் பராமரிப்பு என்று ஆவண அறையைக் காலி செய்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மூட்டைகள் எடைக்குப் போயிருந்தன. கேட்டதற்கு, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது, எல்லாம் விதிப்படிதான் சார் என்றார்கள். அந்த அலுவலர் மீது எனக்குக் கோபமில்லை. இருபது வயதில் வந்தவன் ஐம்பதில் எப்படி இருக்கிறான் என்பதைத் தவிர வேறெதுவும் தேவைப்படாத ஒரு நோய்க்கு, சில வருடங்களில் காகிதத்தை அழிக்கலாம் என்று எழுதிய விதியின் மீதுதான் கோபம்.

பிறகு ஒரு பதிவேடு தொடங்க நாங்கள் சிலர் விண்ணப்பித்தோம். மருந்தைச் சோதிக்கிறீர்களா, இல்லையென்றால் இது எப்படி ஆராய்ச்சி என்று ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். நோயாளிகள் எண்ணிக்கை போதாது என்று மறுமுறை. எண்ணத்தான் பணம் கேட்கிறோம் என்று எழுதிய பதிலுக்குப் பதில் வரவில்லை. இதே குறைபாட்டை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உத்தரவு மறுபடி அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துகிறது. உள்நாட்டுச் சோதனை என்ற சடங்கில் எத்தனை குறை இருந்தாலும், நம் நோயாளியைப் பற்றி யாரோ ஒருவர் ஒழுங்காக எழுதிவைத்தே ஆக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்திய ஒரே சந்தர்ப்பம் அதுதான். அதை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.

இல்லை, நான்காம் கட்டச் சோதனை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதை எப்படி நடத்துவது என்பதில்தான் நம் கோரிக்கைகள். ஒன்று, விலக்கு பெற்ற ஒவ்வொரு நரம்பியல் மருந்தின் நான்காம் கட்டத் தரவும் நிறுவனத்தின் அலமாரியில் அடங்காமல் பொதுப் பதிவேட்டுக்கு வர வேண்டும். இரண்டு, மருந்து கிடைத்தவர்களை மட்டுமல்லாமல் மரபணு பொருந்தாமல் திரும்பிப் போனவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். மெட்ராஸ் எம்.என்.டி. அந்த வரிசையில்தான் நிற்கும். மூன்று, நீண்டகால நரம்பு நோய்களின் கேஸ் ஷீட்டுகளை அழிக்கும் விதியிலிருந்து விலக்க வேண்டும். மருந்து நிறுவனத்துக்கு விலக்கு தர முடிகிற அரசுக்குக் காகிதத்துக்கும் ஒரு விலக்கு தருவது பெரிய காரியமல்ல.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மருந்துகளுக்கான படிவங்கள் அடுத்த சில மாதங்களில் உங்கள் மேசைக்கு வரலாம். ஏ.எல்.எஸ்.எஃப்.ஆர்.எஸ். மதிப்பெண், மூச்சளவு, மரபணு முடிவு எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருக்கும். வெளிநாட்டில் தயாரான படிவத்தில் ஒன்றுக்கு மட்டும் கட்டம் இருக்காது. ஓரத்திலாவது உங்கள் கையால் எழுதிவையுங்கள்: இந்த நோயாளிக்குக் காது கேட்கிறதா?