தரையில் உட்காரத் தெரிந்த கால்

காலிழந்தவனுக்குக் கால் கொடுத்தார்கள். கொடுத்த காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, பழைய ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான் அவன். நாகரிகம் அறியாதவன் என்று ஏசலாமா அவனை? தோழரே, குற்றம் அவனுடையதா, காலுடையதா?

1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எழுந்த கேள்வி இது. மேல்நாட்டு முறையில் செய்த கால் அது. கணுக்கால் மடங்காது. பூட்சு மாட்டினால்தான் நடக்க முடியும். நாற்காலியில் அமர்ந்து கோப்பு புரட்டுவோருக்கு நல்ல கால்தான், மறுக்கவில்லை. ஆனால் ராஜஸ்தானத்து உழவன் நாற்காலியிலா அமர்கிறான்? சம்மணமிட்டு உண்பவன், குந்தியிருந்து களை பறிப்பவன், வெறுங்காலோடு ஈர மண்ணில் இறங்குபவன், வீட்டு வாசலிலே செருப்பைக் கழற்றுபவன்! அவனுக்கு அது காலல்ல, காலில் பூட்டிய விலங்கு.

விலங்கை உடைத்தவர் யார்? நோயாளிகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்க அந்த மருத்துவமனைக்கு வந்த ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் அவரும் சேர்ந்து 1968-இல் புதிய பாதம் ஒன்றை உருவாக்கினர். லாரி டயருக்கு ரப்பர் ஒட்டும் பட்டறையிலே வழி பிறந்தது. முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் மெத்தென்ற ரப்பர், கணுக்காலுக்கு மரக்கட்டை, மேலே தோல்நிற ரப்பர். அலுமினிய அச்சிலே வைத்து வேக வைத்தார்கள். வளைந்தது பாதம்! நனைந்தாலும் கெடவில்லை, குந்தவும் விட்டது.

1981-இல் மருத்துவருக்கு மகசேசே விருது. அதே ஆண்டில் பத்மஸ்ரீ. தகுதியானவர்தான், உடற்கூறு அறிந்த அவர் துணையின்றி அந்தக் கால் நடந்திருக்காது. நாம் கேட்பதெல்லாம், விருது மேடையிலே இன்னொரு நாற்காலி ஏன் போடப்படவில்லை என்பதே. பட்டம் பெற்றவன் மூளை, பட்டறையில் நின்றவன் வெறும் கை என்ற பழைய வருணக் கணக்குத்தானே அது?

பாதம் பிறந்த முதல் ஏழாண்டுகளில் நூறு பேரைக்கூட அது எட்டவில்லை. 1975-இல் ஜெய்ப்பூரில் தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இலவசமாய்ப் பொருத்தத் தொடங்கிய பிறகே இலட்சக்கணக்கானோரை எட்டியது. காப்புரிமைப் பூட்டு போடவில்லை. ஆப்கானிஸ்தானம் வரை போயிற்று அந்தக் கால். அலுமினியத்துக்குப் பதிலாக, தண்ணீர் செல்லும் பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி, மிச்சக் காலின் அச்சின்மேல் இழுத்துக் காலாக்கினார்கள்.

பிளாஸ்டிக் மண்ணுக்கு ஆகுமா என்று கேட்பது நியாயமே, அது மக்காது. ஆனால் உருக்கி மறுபடி வார்க்கலாம். பாதம் தேய்ந்தால் பாதத்தை மட்டும் மாற்றலாம், முழுக் காலையும் எறிய வேண்டியதில்லை. கப்பலேறி வரும் உதிரிப்பாகத்துக்காக ஓர் ஏழை மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்க வேண்டியதுமில்லை.

இன்று கார்பன் இழை என்கிறார்கள், கணினியில் வரைந்து அச்சிடும் கால் என்கிறார்கள். வரட்டும், வரவேற்போம்! ஆனால் அந்தக் காலை வரையும் மேசையைச் சுற்றி யார் யார் அமர்ந்திருக்கிறார்கள்? பொறியாளருக்குப் பக்கத்தில் ஒரு லேத் தொழிலாளியும், டயர்ப் பட்டறைக்காரரும், காலிழந்த அந்தக் கூலிக்காரனும் இருக்கிறார்களா? இல்லையென்றால் முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். வரைபடம் ஒரு வாரம் தாமதமாகட்டும்.