விண்கல விளையாட்டும் கற்கும் முறையும்

மாந்தர் அறிவு பெறும் வாயில்கள் மூன்றெனலாம். கேட்டறிவது ஒன்று, கண்டறிவது ஒன்று, தானே செய்து, தவறி, மீண்டும் செய்து அறிவது மற்றொன்று. முன்னைய இரண்டும் நம் கல்லூரியில் குறைவற நிகழ்கின்றன. மூன்றாவதற்கு ஆய்வுக்கூடத்தில் வாரத்திற்குச் சில மணி நேரமே வாய்க்கின்றது. அங்கும், விடை இன்னதென முன்னரே தெரிந்துகொண்டு, அவ்விடை வரும்வரை எண்களைத் திருத்தி எழுதுவார் சிலர் உளர் என்பது மாணவர் யாவரும் அறிந்த செய்தி. தவறுதற்கு அஞ்சும் இம்மனப்பான்மையே நம்மிடையே விஞ்ஞானக் கல்வி வேரூன்றாமைக்குப் பெருங்காரணமாகும். இவ்வச்சத்தைப் போக்கவல்ல கருவியொன்று, யாரும் எதிர்பாராத இடமாகிய விளையாட்டு உலகிலிருந்து வந்துள்ளது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினியில் விண்கலம் அமைத்துச் செலுத்தும் விளையாட்டையே கருதுகின்றேன். இவ்வகையில் பெயர் பெற்றவை இரண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் மார்ட்டின் ஷ்வைகர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆர்பிட்டர்' ஒன்று. மெக்ஸிகோ நாட்டு 'ஸ்குவாட்' நிறுவனத்தார் 2011இல் முதன்முதல் வெளியிட்டு, 2015இல் நிறைவு செய்த 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' மற்றொன்று. முன்னது விலையின்றிக் கிடைப்பது. பூமியையும் சந்திரனையும் ஏனைக் கோள்களையும் உள்ளவாறே காட்டுவது. ஆயினும் தொடக்கத்திலேயே கடினமானது. பின்னது விலை கொடுத்துப் பெறவேண்டுவது. பச்சை நிறக் குள்ளர் வாழும் கற்பனைக் கோளொன்றை நிலைக்களனாகக் கொண்டது. நகைப்பும் வியப்பும் கலந்து கற்பிப்பது. ஒன்றும் அறியாது புகுவோர்க்குப் பின்னதே ஏற்றது. அதன் இரண்டாம் பாகம் என 2023இல் வெளிவந்தது முற்றுப்பெறாமலே நின்றுபோயிற்று. ஆதலின் முதற்பாகத்தையே கொள்ளுதல் நலம். கைப்பேசி ஒன்றே உடையார்க்கு 'ஸ்பேஸ்ஃப்ளைட் சிமுலேட்டர்' என்னும் எளிய விளையாட்டு உண்டு; அதன் தொடக்கப் பகுதி இலவசமே.

"கல்லூரி ஆண்டு மலரில் விளையாட்டைப் பற்றி எழுதுவதோ?" எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். அவர்க்கு விடை கூறுமுன், இவ்விளையாட்டு கற்பிப்பது யாது என்பதைக் காண்போம்.

லால்பேட்டைப் பிள்ளைகள் நீச்சலைப் புத்தகத்தில் கற்றாரில்லை. வீராண ஏரியின் கரையில் பிறந்தவன் நீரிற் குதித்து, மூக்கில் நீரேறி, கையைக் காலை அடித்தே நீந்தக் கற்கின்றான். விண்கலம் செலுத்துதலும் அத்தகையதே. முதலிற் கட்டவேண்டுவது மிகச் சிறிய கலம்: ஒருவர் அமரும் கூடு, அதன் மேல் ஒரு பாரசூட், அடியில் ஒரு திட எரிபொருள் இயந்திரம். அது மேலெழும்பிச் சிறிது நேரத்தில் கீழே இறங்கும். அவ்வளவே முதல் நாட்பாடம். புதியோர் பெரும்பாலார் இதனை இகழ்ந்து, முதல் நாளிலேயே சந்திரனுக்குச் செல்லக் கருதி, கோபுரம் போன்ற ராக்கெட்டைக் கட்டுவர். அது மேடையை விட்டு எழுமுன்னரே ஒடியும்; எழுந்தாலும் தலைகீழாகப் புரளும்.

ஏன் புரள்கின்றது? இவ்வினாவே முதற்படி. அம்பின் முனையில் இரும்பையும் அடியில் இறகையும் நம் முன்னோர் வைத்த காரணத்தை எண்ணிப் பார்த்தால் விடை தோன்றும். கனத்தின் மையம் முன்னும், காற்று தாக்கும் மையம் பின்னும் இருத்தல் வேண்டும். இதனைக் கருதாமற் கட்டிய கலத்தைக் காற்றே திருப்பிவிடும். நூலில் ஒரு பக்கம் படித்து மறந்துபோகும் இவ்வுண்மை, தன் கலம் மும்முறை புரண்டபின் ஆயுள் முழுதும் மறவாது.

அடுத்து வருவது பெரிய மயக்கம். விண்வெளிக்குச் செல்லுதல் என்பது மேலே செல்லுதல் என்றே யாவரும் எண்ணுகின்றோம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு இல்லை என்று சொல்லுவார் கற்றோருள்ளும் உளர். உண்மையில் அவ்வுயரத்திலும் தரையிலுள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு உண்டு. ஆயின் நிலையம் விழாமலிருப்பது எங்ஙனம்? அது விழுந்துகொண்டேயிருக்கின்றது, பக்கவாட்டில் விநாடிக்கு 7.7 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் ஓடுதலால் பூமியின் வளைவும் அதனோடு கூடவே விலகிச் செல்கின்றது. மலையுச்சியில் வைத்த பீரங்கியைக் கற்பனை செய்து நியூட்டன் விளக்கிய உண்மை இதுவே. நேர் மேலே எறியப்பட்ட கலம் மிக உயரம் சென்றும் திரும்பி வீழக்கூடும் என்பதைக் கண்ணாற் கண்ட மாணவன், சிறிது எழுந்ததும் கலத்தைக் கிழக்கே சாய்க்கக் கற்கின்றான்.

ஏன் கிழக்கே? பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கின்றது. ஸ்ரீஹரிகோட்டாவில் நிற்கும் ராக்கெட்டுக்கு, எரிபொருளில் ஒரு துளியும் செலவாகுமுன்னரே, விநாடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகம் இயற்கை அளித்த கொடையாகக் கிடைக்கின்றது. துருவங்களின்மேற் செல்லவேண்டிய கலங்களுக்கோ இக்கொடை பயனில்லை. அன்றியும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் வழியில் இலங்கை உள்ளது. ஆதலின் அவை வளைந்து சென்று எரிபொருளை இழக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டதன் காரணம் இதுவே. செய்தித்தாளில் இதனைப் படித்தோர் பலர். விளையாட்டில் ஒருமுறை தெற்கே கலத்தை ஏவிப் பார்த்தவனுக்கு அச்செய்தியின் பொருள் முற்றும் விளங்கும்.

எரிபொருட் கணக்கோ உழவர் வீட்டுப் பிள்ளைக்கு எளிதில் விளங்கும். கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே நீர் வந்து ஏரி 47.5 அடி நிறைமட்டத்தில் நிற்கும்போது, கடைமடை வரையில் எண்ணிப் பார்த்தே மதகு திறக்கப்படும். திறந்துவிட்ட நீரைத் திரும்ப ஏரிக்குள் ஏற்றுதல் இயலாது. ராக்கெட்டில் எரிந்துபோன எரிபொருளும் அவ்வாறே. மேலும், பின்னர்ச் செலவிடவேண்டிய எரிபொருளையும் இப்போது சுமந்தே செல்லவேண்டியுள்ளது. இக்கணக்கை 1903இல் வெளியிட்டவர், ரஷ்ய நாட்டுக் கலூகா நகரில் பள்ளியாசிரியராயிருந்த ட்ஸியால்கோவ்ஸ்கி. வெறுமையான கலங்களை வழியிலேயே கழற்றி எறியும் அடுக்கு ராக்கெட்டின் அவசியம் இக்கணக்கிலிருந்தே தோன்றுகின்றது.

எல்லாவற்றினும் வியப்பானது, விண்ணில் ஒரு கலம் மற்றொன்றை அணுகும் முறை. முன்னே செல்லும் கலத்தைப் பிடிக்க விரும்புவோன் வேகத்தைக் கூட்டினால் அவனது பாதை மேலே உயர்ந்து, சுற்றுக்காலம் நீண்டு, பின்தங்குவான். வேகத்தைக் குறைத்தால் பாதை தாழ்ந்து, விரைந்து சுற்றி, முன்னவனை எட்டுவான். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தைச் செலுத்திய மக்டிவிட், தம் ராக்கெட்டின் கழன்ற அடுக்கை நேராக நோக்கிச் சென்று அணுக முயன்று இயலாது திரும்பினார். பயிற்சி பெற்ற வீரர்க்கே அன்று மயக்கந் தந்த இவ்வுண்மையை, இன்று பதினெட்டு வயது மாணவன் ஒரு மாலைப் பொழுதில் தன் கைப்பட அறியலாம். 2025 ஜனவரி 16ஆம் நாள் இந்தியாவின் 'ஸ்பேடெக்ஸ்' கலங்கள் இரண்டும் விண்ணில் இணைந்தபோது அதன் அருமையை உள்ளபடி உணர்ந்தவர், இத்தகைய பயிற்சி உடையாரே.

நிற்க. இவ்விளையாட்டிற் குறைகளும் உள. 'கெர்பல்' உலகின் கோள் 600 கிலோமீட்டர் ஆரமே உடையது. நம் பூமியின் ஆரமோ 6371 கிலோமீட்டர். அங்கே கோளைச் சுற்ற விநாடிக்கு 2.3 கிலோமீட்டர் வேகம் போதும், இங்கே 7.8 வேண்டும். பசி, தாகம், மூச்சு முதலிய தொல்லைகள் அக்குள்ளர்க்கு இல்லை. இவற்றை மறந்து, விளையாட்டில் வென்றவன் தன்னை விண்ணியல் வல்லுநன் என எண்ணிக்கொள்வானாயின் அது பேதைமை.

இவற்றினும் பெரிய குறை வேறொன்று. கலம் வெடித்தவுடன், ஒரு பொத்தானை அழுத்தினால் யாவும் முன்போலாகிவிடும். குள்ளர் உயிர் பெற்று எழுவர். தவறுதற்கு அஞ்சாமை இதனால் வரும் நன்மை. தவற்றை ஆராயாமை இதனால் வரும் தீமை. காரணம் காணாமலே நூறுமுறை பொத்தானை அழுத்தி, நூற்றோராவது முறை தற்செயலாக வென்றவன் கற்றது ஒன்றுமில்லை. உள்ளபடியான விண்வெளியில் அப்பொத்தான் கிடையாது. 2003 பிப்ரவரி முதல் நாள் கொலம்பியா விண்ணோடம் சிதறியபோது கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மீளவில்லை.

ஆகவே புதிதாகத் தொடங்குவோர்க்கு நான் கூறும் விதி ஒன்றே. கணினியின் அருகில் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் இருத்தல் வேண்டும். கலம் கெட்டால், கெட்ட காரணம் இன்னதென ஒரு வரி எழுதிய பின்னரே மீட்கும் பொத்தானைத் தொடுதல் வேண்டும். காரணம் தெரியாவிடில், ஐயுறும் காரணத்தை எழுதி, அடுத்த முறை அதனை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். விளையாட்டை ஆராய்ச்சியாக மாற்றுவது இவ்வொரு வரியே.

நம் நாட்டு விண்வெளிச் சரித்திரமும் இவ்வொரு வரியின் சரித்திரமேயாகும். 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தபோது, மேரி மக்தலேனா தேவாலயமும் அதனையடுத்த கட்டடங்களும் விஞ்ஞானிகளுக்குப் பணியிடமாயிருந்தன. மீனவ மக்களும் அவர்தம் ஆயரும் அவ்விடத்தை மனமுவந்து அளித்தனர். 1979 ஆகஸ்டு 10ஆம் நாள், அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 கடலில் வீழ்ந்தது. காரணம் ஆராயப்பட்டது, 1980 ஜூலை 18ஆம் நாள் அதே வகை ராக்கெட் ரோகிணியைப் பூமியின் சுற்றுப்பாதையில் வைத்தது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் இறங்குகலம் வேகம் தணியும் கட்டத்தில் கணக்குப் பிறழ்ந்து சந்திரனில் மோதியது. அதன்பின் எவ்வெவ்வாறு தவறக்கூடும் என எண்ணி எண்ணியே அடுத்த கலத்தை அமைத்தனர்: கால்களை உறுதியாக்கினர், எரிபொருளை மிகுத்தனர், இறங்கும் பரப்பை அகலமாக்கினர். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடியாக்கிச் சந்திரமண்ணுக்கு ஈடாகப் பரப்பிச் சோதனைகள் செய்ததும் உண்டு. அதுவும் ஒருவகைப் பாவனை விளையாட்டே அன்றோ! 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கிற்று. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், நமக்கு அண்மையிலுள்ள விழுப்புரத்தார்.

இனிப் பெரியோர் வினாவுக்கு வருவோம். காலம் வீணாகுமே என்பர். அளவின்றி ஆடினால் வீணாகும் என்பதை மறுக்கவில்லை. கால்பந்தும் அளவின்றி ஆடினால் வீணே. நாளைக்கு ஒரு மணி நேரம் என வரையறுத்துக்கொள்வான் மாணவன். ஆங்கிலம் தடையாகுமே என்பர். சொற்கள் முப்பது நாற்பதே. ஒரு தாளில் தமிழ்ப்பொருளோடு எழுதிக் கணினியருகே ஒட்டிவிடலாம். செலவாகுமே என்பர். இதுவே மெய்யான இடர். லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் ஆகிய இடங்களைச் சூழ்ந்த ஊர்களில், தமிழ்வழியிற் பயின்ற பிள்ளைகளுள் வீட்டிற் கணினி உடையார் பலரல்லர். உடையார் மட்டுமே ஆடிக் கற்பதாயின் விண்ணும் செல்வர்க்கே உரியதாகிவிடும்.

ஆதலின் கல்லூரித் தலைவர்க்கும் பௌதிக ஆசிரியர்க்கும் என் விண்ணப்பம் இது. கணினிக் கூடத்தை வாரத்தில் இரு மாலைகள் இதன்பொருட்டுத் திறந்துவைத்தல் வேண்டும். ஆர்பிட்டரை இலவசமாகவே நிறுவலாம். மற்றொன்றைச் சில கணினிகளுக்கு மட்டும் வாங்கினாற் போதும். மாணவியர்க்கு விடுதிக்குத் திரும்பும் நேரத்தைக் கருதி முன்மாலையிலேயே இடம் ஒதுக்குதல் வேண்டும். ஆண்டிறுதியில் பரிசு அளிப்பதாயின், வெகுதூரம் சென்ற கலத்திற்கு அளித்தல் வேண்டா. தோல்விகளைச் செவ்வனே எழுதிய குறிப்பேட்டிற்கு அளிப்பதே தகும். பழைய மாணவருள் வெளிநாடுகளிற் பொருளீட்டி வாழ்வோர் பலர். தம் பழைய கணினி ஒன்றை அனுப்பினால் அதுவும் பெரிய அறமாகும்.

மாணவ நண்பர்காள்! இறுதியாக உங்களுக்கு ஒரு சொல். மதிப்பெண் குறைந்தமையைப் பிறர் அறியாவண்ணம் மறைக்கப் பழகியிருக்கின்றோம். தவறிய கணக்கை அழித்துவிட்டுச் சரியானதை மட்டும் காட்டப் பழகியிருக்கின்றோம். விண்கலமோ முகத்தாட்சணியம் அறியாது. அதனிடம் பொய்க்கணக்குச் செல்லாது. அத்தகைய கண்டிப்பான ஆசிரியர் ஒருவர், வீட்டு மூலையிலேனும் கல்லூரிக் கூடத்திலேனும், நம்மை ஏளனஞ் செய்யாமல் நூறுமுறை திருத்துவாராயின், அவரிடம் மாணாக்கராவதற்கு நாணுவது ஏன்? குறிப்பேட்டை எடுங்கள், சிறு கலத்தைக் கட்டுங்கள், அது விழட்டும், ஏன் விழுந்தது என்று எழுதுங்கள்.