விமானத்துக்குச் சேதம்: இல்லை

என் சித்தப்பா மகனுக்கு வலது காலில் மூன்று விரல்தான் இருக்கிறது. கேட்கிறவர்களிடம் "பைக்ல வுழுந்துட்டேன்" என்கிறான். அவனுக்குப் பைக்கே கிடையாது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில், போன ஐப்பசி மழையில், ராத்திரி ஷிப்டில், சாமான் இழுக்கிற டிராக்டரின் பின்சக்கரம் ஏறி நசுங்கிப்போன விரல்கள் அவை. "எழுதணும்னா எழுதிக்கண்ணா. எம்பேரும் வேணாம், கம்பேனி பேரும் வேணாம். பாஸைப் புடுங்கிக்கினா நான் இன்னா பண்றது" என்றான். அதனால் பெயர்கள் இல்லாமல் எழுதுகிறேன்.

இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது தோழர் ஒருவர் சிரித்தார். நிறைய படித்தவர். "விமான நிலையம்ங்கிறது நவீன முதலாளித்துவம். கிராமத்துல டீக்கடைய விட்டுட்டு அங்கயும் போயா சாதியத் தேடுவீங்க?" என்று கேட்டார். நாங்கள் தேடிக்கொண்டு போகவில்லை தோழர். எங்கள் ஆட்கள் வேலைக்குப் போன இடத்தில் அது முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது.

விமானத்தில் போகிறவர்கள் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கிறார்கள். அந்தப்பக்கம், விமானம் வந்து நிற்கிற சிமெண்டுத் தரைக்கு ரேம்ப் என்று பெயர். விமானம் வந்து நின்றதும் அரைமணி நேரத்துக்குள் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த அரைமணிக்குள் டிராக்டர், அதன் பின்னால் கோத்த டிராலிகள், பெட்டி ஏற்றும் பெல்ட் வண்டி, எண்ணெய் லாரி, சோறு ஏற்றும் வண்டி, தண்ணி வண்டி, டாய்லெட் வண்டி, பஸ், கடைசியில் விமானத்தைப் பின்னால் தள்ளுகிற வண்டி எல்லாம் ஒரே விமானத்தைச் சுற்றி மொய்க்கும். ஒரு தெருவில் இத்தனை வண்டி இப்படி ஓடினால் போலீஸ் வந்து நிறுத்துவான். இங்கே காது செவிடாகும் இரைச்சலில், தலைக்கு மேல் இறக்கை நிழலில், இவற்றுக்கு நடுவே கால்நடையாக ஓடுகிறவன் லோடர். விளம்பரத்தில் ஹேண்டிமேன் என்று போடுவார்கள். 2024 ஜூலையில் மும்பையில் இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கான பையன்கள் கூடி நெரிசலானதைப் பத்திரிகைகள் படம் போட்டன. டிகிரி படித்தவனும் அந்த வரிசையில் நின்றான்.

தம்பியின் பையில் பாதுகாப்பு விதிப் புத்தகம் ஒன்று இருந்தது. ஆங்கிலம். வேலையில் சேர்ந்த அன்றைக்கு ஒருவர் இந்தியில் விளக்கியிருக்கிறார். புரிந்தது என்று தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தமிழ் எம்.ஏ. படித்த நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி படித்தேன். சொல்லப்போனால் நல்ல விதிகள். விமானத்தின் வயிற்றிலும் முதுகிலும் மின்னுகிற சிவப்பு விளக்கு அணையாமல் கிட்டே போகாதே. சக்கரத்துக்குக் கட்டை வைத்தாகிவிட்டது என்று தெரியாமல் போகாதே. விமானத்தை நெருங்குமுன் வண்டியை ஒருமுறை முழுசாக நிறுத்தி பிரேக் பிடிக்கிறதா என்று பார். இறக்கைக்குக் கீழே ஓட்டாதே. பின்னால் வரும்போது பின்னால் ஓர் ஆள் நின்று கை காட்ட வேண்டும். டிராக்டர் நின்று கைபிரேக் போட்ட பிறகுதான் டிராலியைக் கோக்க வேண்டும், ஓடுகிற வண்டிக்கும் டிராலிக்கும் நடுவில் எவனும் நிற்கக்கூடாது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கோ எவனோ செத்திருப்பான் என்று படிக்கும்போதே தெரிகிறது.

என் அப்பா திரிசூலத்தில் கல் உடைத்தவர். அங்கேயும் விதி இருந்தது. வெடி வைக்குமுன் சிவப்புக் கொடி காட்ட வேண்டும், விசில் ஊத வேண்டும், எல்லாரும் ஓடி ஒதுங்க வேண்டும். லோடு குறைந்த நாட்களில் கொடிக்கு முன்னாலேயே வெடி கிளம்பும் என்பார் அப்பா. இப்போது அந்த மலைக்கு எதிரே, ரயிலடியைத் தாண்டினால் விமான நிலையம். அப்பாவுக்குக் கொடி. தம்பிக்கு விளக்கு.

அன்றைக்கு ராத்திரி நான்கு பேர் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேர் செய்தார்கள். ஒருவன் விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து பெட்டி அடுக்குகிறான். என் தம்பி கீழே. விமானம் ஏற்கெனவே தாமதம். டிராக்டர் ஓட்டியது விழுப்புரத்துப் பையன், இவனைப்போலவே எங்க ஆள், முதல் ஷிப்ட் முடித்து இரண்டாவது ஷிப்டில் இருந்தான். டிராக்டரின் பின்பக்க விளக்கு எரியவில்லை, பின்னால் வரும்போது கத்துகிற ஹாரனும் கத்தவில்லை. கை காட்டுவதற்கு ஆள்? அந்த ஆளும் என் தம்பிதான். இரும்புக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக் கொக்கியில் மாட்டுகிற ஆளும் அவன்தான். ஒருவன் எப்படி எட்ட நின்று கையும் காட்டி, கிட்ட நின்று கம்பியும் பிடிப்பான்? ஈரத் தரையில் சக்கரம் வழுக்கி ஓர் அடி கூடுதலாக வந்தது.

"ஷூ ஏன் போடலை?" இதுதான் ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வி. விரலுக்கு மேல் இரும்புத் தகடு வைத்த ஷூ கொடுத்திருந்தார்கள், உண்மைதான். அடிப்பாகம் பிய்ந்து இரண்டு மாசம். வேறு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தான். வரும் வரும் என்றார்கள். அன்றைக்குக் கான்வாஸ் செருப்பில் போயிருக்கிறான்.

பிறகு ஒரு படிவம் நிரப்பினார்கள். அதன் நகலை நான் பார்த்தேன். விமானத்துக்குச் சேதம் உண்டா என்று ஒரு கட்டம். இல்லை. புறப்பாட்டில் தாமதம் உண்டா. ஏழு நிமிடம். காரணம்: தொழிலாளி பாதுகாப்புக் காலணி அணியவில்லை, ஓட்டுநர் கவனக்குறைவு. விரல்களைப் பற்றி ஒரே ஒரு வரி. டிராக்டர் இரண்டடி தள்ளிப்போய் விமானத்தின் தோலில் ஒரு கீறல் போட்டிருந்தால் பெரிய அதிகாரிகள் எல்லாம் டார்ச் லைட்டோடு வந்திருப்பார்கள். விசாரணை, போட்டோ, டெல்லிக்கு அறிக்கை. கீறலை அளந்து எழுதியிருப்பார்கள். விமானத்தில் கீறல் இருந்தால் ஆகாயத்தில் முந்நூறு உயிருக்கு ஆபத்து என்பது எனக்கும் தெரியும். அதைப் பார்க்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? எங்க ஆள் காலையும் அதே டார்ச்சை அடித்துப் பாருங்கள் என்கிறேன்.

பாருங்கள், வழி விடுகிற விதி எப்படி எழுதியிருக்கிறது என்று. எல்லா வண்டியும் விமானத்துக்கு வழி விட வேண்டும். அவசர வண்டிக்கு விட வேண்டும். நடந்து வரும் பயணிக்கு விட வேண்டும். அங்கேயே எட்டு மணி நேரமும் பதினாறு மணி நேரமும் நடக்கிற லோடருக்கு யார் வழி விட வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். அவன் பார்த்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்கிப்போவது எங்களுக்குப் பழக்கம்தானே.

சாவும் இப்படித்தான் நடக்கிறது. 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில் ஏர் இந்தியா விமானம் ஒன்றைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தபோது, தரையில் நின்ற தொழில்நுட்ப ஊழியரை இன்ஜின் உள்ளே இழுத்தது. 2019 ஜூலையில் கொல்கத்தாவில், நின்றுகொண்டிருந்த விமானத்தின் சக்கர அறைக் கதவு மூடி, பழகுநராக இருந்த இளைஞர் ஒருவர் நசுங்கிச் செத்தார். அமெரிக்காவிலும், மாண்ட்கோமரி என்ற ஊரில், 2022 டிசம்பர் 31 அன்று ரேம்ப் வேலை செய்த பெண்ணை இன்ஜின் இழுத்தது. அந்த விமானத்தின் துணை மின்யந்திரம் வேலை செய்யவில்லை, அதனால் வந்து நின்ற பிறகும் இன்ஜினை ஓடவிட்டிருந்தார்கள். யந்திரத்தின் கோளாறை மனுஷி உடம்பில் வாங்கினாள். அங்கே அரசாங்கத்துத் தொழில் பாதுகாப்புத் துறை கம்பெனிக்குப் போட்ட அபராதம் 15,625 டாலர்.

பைக் கதைக்கு வருகிறேன். "லீவு நாள்ல சொந்த வேலையா போறப்ப வுழுந்தேன்னு சொல்லு, ஆஸ்பத்திரி செலவ நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிக்கொடுத்தது சூப்பர்வைசர். இதில் என்ன இருக்கிறது என்று அப்போது வீட்டில் யாருக்கும் புரியவில்லை. வேலையில் பட்ட காயம் என்று எழுதினால் இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் 90 சதவீதம் கொடுப்பார்கள். ஊனத்துக்கு ஆயுசுக்கும் மாசாமாசம் ஒரு தொகை உண்டு. சும்மா உடம்பு சரியில்லை என்று எழுதினால் 70 சதவீதம், அதோடு சரி. இரண்டு விரலையும் கொடுத்துவிட்டு, அதன் விலையையும் கம்பெனிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு வந்தான். நான் போய்ச் சண்டை போடுகிறேன் என்றேன். சித்தி கையெடுத்துக் கும்பிட்டாள். "வேணாம்ப்பா. நீ பேசிட்டுப் பூடுவ."

இதற்குச் சட்டத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. நம் தோழர்களே மறந்துபோன கதை. மத்திய அரசு நிறுவனங்களின் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குக் காண்ட்ராக்ட் ஆள் வைக்கக் கூடாது என்று 1976இல் ஓர் அறிவிப்பு வந்தது. அதை வைத்து ஏர் இந்தியாவின் துப்புரவுத் தொழிலாளிகள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 1996இல், அவர்களை நேரடியாக வேலையில் எடுத்துக்கொள் என்று தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கே.ராமசாமி. அவர் ஒரு தலித் என்பதை நாமாவது சொல்ல வேண்டும். ஐந்தே வருஷம். 2001இல் உருக்காலை வழக்கில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து அந்தத் தீர்ப்பைத் தள்ளினார்கள், 1976 அறிவிப்பையும் ரத்து செய்தார்கள். இப்போது 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நிறுவனத்தின் மையமான வேலைக்குக் காண்ட்ராக்ட் கூடாதாம். எது மையமில்லாத வேலை என்று ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறது. துப்புரவு, ஏற்றி இறக்குதல், தோட்டம், காவல், சமையல். அந்த வேலைக்கென்றே நடத்தப்படுகிற நிறுவனமாக இருந்தால் மட்டும் விலக்காம். நம் சனங்கள் காலங்காலமாகச் செய்கிற வேலைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் ஒரு கிழவிகூட இந்தப் பட்டியலைத்தான் சொல்வாள். பெட்டி ஏறாமல் எந்த விமானம் கிளம்புகிறது?

நேரடி அரசு வேலை என்றால் இடஒதுக்கீடு உண்டு. காண்ட்ராக்டில் கிடையாது. ஆனால் பாருங்கள், இடஒதுக்கீடு இல்லாமலே நமக்கு நூற்றுக்கு நூறு ஒதுக்கிய இடம் ஒன்று அங்கே இருக்கிறது. டாய்லெட் வண்டி. விமானத்தின் வால்பக்கத்து அடிவயிற்றில் ஒரு மூடி. அதைத் திறந்து குழாயை மாட்டி, கைப்பிடியை இழுத்தால் இருநூறு பேர் கழித்தது நீல மருந்துத் தண்ணியோடு வண்டிக்கு இறங்கும். உள்வால்வு தேய்ந்திருந்தால் மூடியைத் திறந்ததுமே ஆள் மேல் கொட்டும். டாய்லெட் வண்டியில் கை வைத்தவன் குடிதண்ணி வண்டியைத் தொடக்கூடாது என்று ஒரு விதி. நோய் பரவாமல் இருக்க அது தேவை, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எவன் எந்த வண்டியில் நிற்பது என்று விதியில் இல்லை. அதை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். தம்பிக்குத் தெரிந்து அந்த வண்டியில் ஆறு பேர். நாலு பேர் எங்க பக்கம், ரெண்டு பேர் அருந்ததியர். தண்ணி வண்டிக்காரன் வேற. 2013 சட்டம் மலக்குழிக்குள் மனுஷனை இறக்காதே என்கிறது. இங்கே மனுஷன் இறங்கவில்லை, அது மேலிருந்து இறங்குகிறது, அதனால் சட்டத்துக்குக் கண் தெரியவில்லை.

நிரந்தரத் தொழிலாளிகளின் சங்கத் தலைவர் ஒருவரிடம் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். "காண்ட்ராக்ட் லேபர் நம்ம லிஸ்ட்ல வராதேங்க" என்றார் வருத்தமாக. உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

விழுப்புரத்துப் பையனின் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். ஊருக்குப் போனானா, வேறெங்கும் வண்டி ஓட்டுகிறானா, தெரியவில்லை. போனை எடுப்பதில்லை. தம்பிக்கு அவன்மேல் கோபமில்லை. "அவன் இன்னாண்ணா பண்ணுவான், அவனுக்குக் கண்ணு சொருகிக்கினு இருந்துச்சு."

ஐம்பத்திரண்டு நாள் கழித்துத் தம்பி திரும்ப வேலைக்குப் போனான். அதே டிராக்டர்தான். பின்விளக்கு போட்டிருக்கிறார்கள், ஹாரன் இன்னும் கத்தவில்லை. புது ஷூ வந்துவிட்டது. அவனுக்கு ஏழாம் நம்பர், வந்தது ஒன்பது. வலதுகாலில் விரல் இல்லாத இடத்தில் பழைய பனியனைச் சுருட்டி வைத்துக் கட்டிக்கொள்கிறான்.