விபத்து விதியின் வேலையா?

நமது நாட்டில் மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் ரோட்டில் விழுந்து மாண்டு விட்டார் என்ற சேதி வந்தவுடன், சாவு வீட்டில் கூடுகின்றவர்கள் முதன்முதலாகச் சொல்லுகின்ற வார்த்தை "அவன் விதி அவ்வளவுதான்" என்பதாகும். அதற்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுபவை "கண் பட்டு விட்டது", "ஏழரைச் சனி பிடித்திருந்தது" என்பவைகளாகும். வண்டியின் டயர் வழுக்கையாய்த் தேய்ந்து போயிருந்ததா, என்ன வேகத்தில் போனார், தலைக்கவசம் தலையில் இருந்ததா அல்லது பெட்ரோல் டாங்கியின் மேல் இருந்ததா என்று கேட்பவர் அங்கு ஒருவரும் இருப்பதில்லை. யாராவது கேட்டாலும், செத்த வீட்டில் நியாயம் பேச வந்து விட்டான் என்று கோபித்துக் கொள்ளுவார்கள். அப்படிக் கேட்காததின் பலன் என்னவென்றால், அதே தெருவில் அடுத்த சாவுக்கும் அதே காரணம் தயாராய்க் காத்துக் கொண்டிருக்கின்றது என்பதுதான்.

மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா வெளியிட்ட கணக்குப்படி, 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் ரோடு விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அவ்வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் நமது தமிழ்நாடுதான் 64,105 விபத்துகளோடு முதல் ஸ்தானம் வகித்தது. செத்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் சாவுக்கு அதிவேகமே காரணம் என்றும் அதே கணக்கு சொல்லுகின்றது. விதிதான் கொல்லுகின்றது என்றால், அந்த விதி வேகமாய்ப் போகின்றவனாகவும், வெறுந்தலையோடு போகின்றவனாகவும் பார்த்துப் பொறுக்கி எடுப்பானேன்? நிதானமாய்ப் போகின்றவனிடம் அது ஏன் அவ்வளவு தயவு காட்ட வேண்டும்? இதைச் சற்று யோசித்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.

முதலாவது வேகத்தை எடுத்துக் கொள்ளுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகின்ற வண்டி ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் ஓடி விடுகின்றது. குறுக்கே ஒரு மாடோ, குழந்தையோ வருவதைக் கண் கண்டு, மூளை அறிந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளாகவே ஒரு வினாடி போய் விடும். அதன் பிறகுதான் வண்டி நிற்கவே ஆரம்பிக்கும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகின்றது. இது எந்தச் சாமிக்கு நேர்ந்து கொண்டாலும் மாறாத கணக்கு. பத்து நிமிஷம் முன்னதாகப் புறப்பட்டால் தீரக்கூடிய அவசரத்தை, ரோட்டில் உயிரை வைத்துத் தீர்க்கப் பார்ப்பது எந்த விதத்தில் புத்திசாலித்தனமாகும்?

இரண்டாவது, நாற்சந்திகள். அமெரிக்காவில் ஹர்ட் என்பவரின் தலைமையில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்திற்கே போய் ஆராய்ந்து, 1981-ம் வருஷத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மோட்டார் சைக்கிளும் வேறு வண்டியும் மோதிக் கொண்டவைகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வேறு வண்டிக்காரர் வழிவிடாததால் உண்டானவை என்றும், அவர்களில் பலர் மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவே இல்லை என்றும் கண்டார்கள். ஆகவே எதிரில் வரும் காரோட்டி நம்மைப் பார்த்திருப்பார் என்று நம்புவது ஒரு மூட நம்பிக்கையே ஆகும். பார்க்கவில்லை என்று வைத்துக் கொண்டே வண்டியை ஓட்ட வேண்டும். சந்திகளில் வேகத்தைக் குறைத்து, பிரேக்கின் மேல் விரலை வைத்துக் கொள்ள வேண்டும். லாரி, பஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டிக் கொண்டு போகக் கூடாது. அந்த வண்டியின் கண்ணாடியில் ஓட்டுகிறவரின் முகம் உமக்குத் தெரியவில்லை என்றால், நீர் அவருக்குத் தெரியவில்லை என்பதே அர்த்தம்.

அதே ஆராய்ச்சியில், விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாங்களாகவோ, சொந்தக்காரர், சிநேகிதரிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்று கண்டார்கள். நம் நாட்டுச் சங்கதியைச் சொல்லவே வேண்டியதில்லை. நம்மவர்களில் அநேகர் முன் பிரேக்கைத் தொட்டாலே தலைகுப்புற விழுவோம் என்று பயந்து, பின் பிரேக்கை மாத்திரம் மிதித்துச் சக்கரத்தை இறுக்கி, வண்டி சறுக்கி விழுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்தின் மேல் போய் விழுவதால், வண்டியை நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன் பிரேக்கிடம்தான் இருக்கின்றது. இரண்டையும் சேர்த்து, வெடுக்கென்று பிடிக்காமல், படிப்படியாய் அழுத்திப் பிடிக்க வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு அல்ல, நுழையுமுன்னமே வேகத்தைக் குறைக்க வேண்டும். காலியான மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழகினால் வந்து விடுகின்ற வித்தை இது.

மற்றவைகளைச் சுருக்கமாய்ச் சொல்லுவோம். மழை ஆரம்பித்த முதல் சில நிமிஷங்களில் ரோட்டிலுள்ள எண்ணெயும் தூசியும் சேர்ந்து சறுக்கும். வளைவில் மணல் கிடக்கும். சைடு ஸ்டாண்டை மடக்காமல் கிளம்பினால் இடப்பக்கம் சாயும்போது தரையில் தட்டி வீழ்த்தும். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் பின் சக்கரத்தில் சுற்றிக் கொள்ளும். போனில் பேசுகிறவனுக்குக் கண் திறந்திருந்தும் ரோடு தெரியாது. குடித்தவனுக்கோ எல்லாம் இரண்டாய்த் தெரிந்தும் பயம் மாத்திரம் தெரியாது. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம் என்று சட்டம் கூறினாலும், வண்டி ஓட்டுகிறவனுக்குத் தகுந்த அளவு ஒரு சொட்டும் இல்லை என்பதே நமது அபிப்பிராயம்.

இனி தலைக்கவசம். அரேபியா லாரன்ஸ் என்று உலகப் பிரசித்தி பெற்றவர் 1935-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் சைக்கிளில் வந்த இரு சிறுவர்களுக்காக மோட்டார் சைக்கிளைத் திருப்பி விழுந்து, தலைக்காயத்தால் ஆறு நாளில் மாண்டார். அவருக்குச் சிகிச்சை செய்த டாக்டர்களில் ஒருவராகிய கெய்ர்ன்ஸ், "விதி" என்று சொல்லிக் கை கழுவி விடாமல், தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941-ல் தலைக்கவசத்தின் அவசியத்தைப் பிரசுரித்தார். பிரிட்டிஷ் ராணுவத்தில் அது கட்டாயமாயிற்று. 1973-ல் அந்நாட்டார் எல்லோருக்கும் சட்டமாயிற்று. ஒரு சாவிலிருந்து பகுத்தறிவு எதைச் சம்பாதிக்கும் என்பதற்கு இது தக்க உதாரணமாகும். தலைக்கவசம் சாவை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயத்தை 69 பங்கும் குறைக்கின்றது என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் நம் நாட்டில் 2022-ல் தலைக்கவசமின்றிச் செத்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். இது நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டிய சங்கதியாகும். புருஷன் தலையில் கவசமிருக்கும். பின்னால் ஒரு பக்கமாய் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும், நடுவில் நசுங்குகின்ற குழந்தைக்கும் இருக்காது. கேட்டால், "போலீஸ்காரர் என்னைத்தானே பிடிப்பார்" என்கிறார். அப்படியானால் இவர் போட்டிருப்பது உயிருக்குக் கவசமா, ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குக் கவசமா? ரோட்டுக் கல்லுக்கு ஆண் தலை, பெண் தலை என்ற பேதம் கிடையாது. அந்தப் பேதம் நமது வீட்டில்தான் இருக்கின்றது. பின்னால் இருப்பவருக்கும் கவசம் வேண்டுமென்றே சட்டமும் சொல்லுகின்றது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கவசமாகப் பார்த்து வாங்கி, தாடைப் பட்டியை இறுக்க மாட்ட வேண்டும். பட்டி மாட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னே ஓடிப் போகும்.

புது வண்டி வாங்கினால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கவும், நல்ல நேரம் பார்க்கவும் தவறாதவர்கள், மாதம் ஒரு முறை டயரையும் பிரேக்கையும் பார்க்கத் தவறுகிறார்கள். எல்லாம் விதி என்று சொல்லுகின்ற அவர்களே, வண்டியை நிறுத்தினால் பூட்டாமல் போவதில்லை. திருடனிடத்தில் மாத்திரம் விதியை நம்பாதவர்கள், தலையை மட்டும் விதியிடம் ஒப்படைப்பானேன்? மீசை முளைக்காத பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துப் பெருமைப்படுகின்ற தகப்பன்மார்களுக்கு, 2019-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் 3 வருஷம் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கின்றது. அதைவிடப் பெரிய தண்டனை பிள்ளையை இழப்பதல்லவா?

இதனால் சர்க்காரின் பொறுப்பு தீர்ந்து விட்டதென்று யாரும் கருத வேண்டியதில்லை. குழியை மூடாததும், வெள்ளைக் கோடில்லாத வேகத்தடைகளைப் போடுவதும், ஓட்டத் தெரிகிறதா என்று ஒழுங்காய்ப் பார்க்காமல் லைசென்ஸ் கொடுப்பதும் மனிதர்கள் செய்கின்ற குற்றங்களே. இவைகளையும் விதியின் கணக்கில் எழுதி வைத்தால், கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் தப்பித்துக் கொள்ளுவார்கள். விதி என்ற சொல் செத்தவனுக்கு உதவுவதில்லை; குற்றவாளிக்கே உதவுகின்றது.

ஆகவே தோழர்களே! காரணமுள்ள சாவு தடுக்கக்கூடிய சாவாகும். இன்று மாலை வண்டியை எடுக்குமுன் டயரையும் பிரேக்கையும் ஒரு முறை பாருங்கள்; கவசத்தின் பட்டியை மாட்டுங்கள்; பின்னால் ஏறுகின்றவருக்கும் ஒன்று கொடுங்கள். இதற்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை என்று தெரிவித்துக் கொள்ளுகிறோம்.