'லேசாக' என்றால் எத்தனை கிலோ?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவுக்கு, திருந்திய நெல் சாகுபடியில் களையெடுக்க ஐந்து கோனோவீடர் செய்யச் சொல்லி உள்ளூர்ப் பட்டறையில் முன்பணம் தரப்போகிறோம். முன்பு வாங்கியது ரொம்பக் கனம், யாரும் தொடுவதில்லை. இந்த முறை 'லேசாகவும் உறுதியாகவும்' செய்யச் சொன்னால் போதுமா?
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: போதாது, சகோதரி. பட்டறைக்காரருக்குத் தெரிந்தது அங்குலம், கேஜ், கிலோ. 'லேசாக' என்றால் தகட்டின் கனத்தைக் குறைப்பார்; அது வளையும். பிறகு 'உறுதி இல்லை' என்பீர்கள்.

முதலில் பழைய கருவியைத் தள்ளியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: எப்போது கனம்? வரப்பு தாண்டத் தூக்கும்போதா, சேற்றில் தள்ளும்போதா? இரண்டும் வேறு நோய். தூக்கும்போது என்றால் எடைதான் காரணம். 5, 6, 7 கிலோ மண் நிரப்பிய பைகளைத் தூக்கி வரப்பில் நடந்து பாருங்கள். எல்லாருக்கும் ஒத்துவரும் எடையை, 'இதற்கு மேல் போகக் கூடாது' என்று எழுதிக் கொடுங்கள். தள்ளும்போது என்றால் முன்னால் உள்ள மிதவையைப் பாருங்கள். அது சிறியதாக இருந்தாலோ, சாய்வு சரியில்லாவிட்டாலோ உருளை சேற்றில் புதையும். பற்களுக்கு இடையில் சேறு அடைத்தாலும் உருளாது. இதற்கு எடையைக் குறைத்துப் பயனில்லை. மிதவையை அகலமாக்கி, சாய்வை மாற்ற வசதி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அகலம். பரிந்துரை 25 சென்டிமீட்டர் இடைவெளி. கயிறு பிடித்து நட்ட வயலில் அது அப்படியே இருக்காது. 20 இடங்களில் அளந்து, மிகக் குறுகியதை எடுங்கள். அது 21 என்றால், இருபுறமும் 3 விட்டு உருளை 15 சென்டிமீட்டர். 25-ஐ நம்பி அகலமாகச் செய்தால் தூர் அடிபடும்.

கைப்பிடிக்குக் குழுவிலேயே குட்டையானவர், நெட்டையானவர் இருவரின் முழங்கை உயரத்தையும் அளந்து, இரண்டுக்கும் ஏற்ப மாற்றும் துளைகள் கேளுங்கள். பட்டறைக்குச் செயலாளர் மட்டும் போக வேண்டாம். தள்ளப்போகிறவர்களில் இருவராவது போகட்டும்.

'உறுதி'க்கு, பழையதில் எங்கே வெல்டிங் விட்டது, எங்கே வளைந்தது என்று கருவியையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஜப்பானில் கோபே கப்பல் கட்டும் தளத்தில் 1972-இல் இதற்கென்றே கட்டம் போட்டார்கள்: ஒரு பக்கம் வாடிக்கையாளர் கேட்டது, மறுபக்கம் பொறியியல் அளவு. உங்களுக்கு ஒரு பள்ளி நோட்டு போதும். இடப்பக்கம் பெண்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், வலப்பக்கம் அளவு. வலப்பக்கம் காலியாக இருக்கும் வரி எதுவோ, அதில்தான் பின்னால் சண்டை வரும்.

ஐந்துக்கும் சேர்த்து முன்பணம் தராதீர்கள். ஒன்று மட்டும் செய்யச் சொல்லி, நட்ட 10-ஆம் நாள் வயலில் ஓட்டிப் பாருங்கள். பட்டறைத் தரையில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் உருளும். மூன்று பேராவது ஆளுக்கு அரைமணி நேரம் தள்ளிய பிறகு மற்ற நான்குக்குப் பணம் கொடுங்கள்.