துணை நடிகராம்!

போன வாரம் கார்டன் ஜாக்சனைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த நண்பர் ஒருவர் கீழே வந்து, "யாரோ ஒரு ஸ்காட்லாந்து துணை நடிகருக்கெல்லாம் பதிவா? ரிட்டயர் ஆனா வேற வேலையே இல்லையா?" என்று கேட்டிருந்தார். அதற்கு ஏகப்பட்ட சிரிப்புப் பொம்மைகள். பதில் கமெண்டில் அடங்காது என்பதால் தனிப் பதிவாகவே போடுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம்மிடம் கல்யாணக் காட்சியில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் துணை நடிகர், பாதிப் படத்தைத் தோளில் சுமப்பவரும் துணை நடிகர். குணச்சித்திர நடிகர் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. அதை ஆள் செத்த பிறகு அஞ்சலி எழுதும்போதுதான் வெளியே எடுக்கிறோம்.

நண்பரே, 'தி கிரேட் எஸ்கேப்' நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1963-இல் வந்த படம். ஜெர்மானிய முகாமிலிருந்து போர்க்கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பிக்கிற கதை. யாரைக் கேட்டாலும் ஸ்டீவ் மெக்வீன் மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டியதைத்தான் சொல்வார்கள். அதைத் தாண்டியது மெக்வீனே இல்லை. அவருக்கு டூப் போட்ட பட் எகின்ஸ்.

அதே படத்தில் ஜாக்சனுக்கு மெக்டொனால்ட் என்ற வேஷம். தப்பிக்கப் போகிறவர்களுக்குப் பரீட்சை வைப்பவர் அவர். பிற மொழியில் பேசிக்கொண்டே வந்து திடீரென்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை போடுவார். எதிராளி ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டால் தீர்ந்தது, அவன் பெயில். கடைசியில் தப்பித்து ஓடும் வழியில் இவர் பஸ் ஏறும்போது, ஜெர்மன் அதிகாரி ஆங்கிலத்தில் வாழ்த்துச் சொல்ல, இவர் வாய் தானாக ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிடுகிறது. சொல்லிக் கொடுத்தவனே பெயில்! சொன்ன மறு நொடி அந்த முகத்தைப் பாருங்கள். முப்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்கு அந்த முகம் தெரியும். கரும்பலகையில் தப்புக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசி பெஞ்சுப் பையன் கண்டுபிடித்த நிமிஷத்தில் நமக்கும் அந்த முகம்தானே? அதற்கு டூப் போட முடியுமா?

அந்த மனிதர் நாடகக் கல்லூரியிலிருந்து வந்தவர் இல்லை. 1923-இல் கிளாஸ்கோவில் பிறந்தார். பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு ரோல்ஸ் ராய்ஸில் வரைபடம் போடும் வேலைக்குப் போனார். ஈலிங் ஸ்டூடியோ ஒரு ஸ்காட்லாந்துப் பையனைத் தேடியபோது 1942-இல் முதல் படம் கிடைத்தது. அதன் பிறகும் தொழிற்சாலைக்குத்தான் திரும்பினார். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் யுத்தப் படங்களில் ஒரு ராணுவப் பிரிவு என்றால் அதில் ஒரு ஸ்காட்லாந்துக்காரன் இருந்தே ஆக வேண்டும். இவர் கொஞ்ச காலம் அந்தக் காலியிடத்தை நிரப்பினார் என்பது உண்மை. அதுவரை நண்பர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 1949-இல் வந்த 'விஸ்கி கேலோர்' படத்தைப் பாருங்கள். ஒரு தீவுப் பள்ளிக்கூட வாத்தியாராக வருகிறார். அம்மாவுக்குப் பயந்த பிள்ளை. அந்தம்மா இவரை அறைக்குள் வைத்துப் பூட்டுகிறாள்! தொண்டைக்குள் கொஞ்சம் விஸ்கி இறங்கிய பிறகுதான் அம்மா முன்னால் வாய் திறக்கிறது. இருபது வருஷம் கழித்து 'தி பிரைம் ஆஃப் மிஸ் ஜீன் பிராடி'. அதில் எடின்பரோவில் ஒரு பெண்கள் பள்ளியின் பாட்டு வாத்தியார். மேகி ஸ்மித்துக்கு ஆஸ்கார் கிடைத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஜொலிப்பான டீச்சரின் பின்னால் ஏங்கிக்கொண்டு நின்று, கடைசியில் வேதியியல் டீச்சரைக் கட்டிக்கொள்ள முடிவு செய்கிற அந்தச் சாதுவான வாத்தியாரை நான் எத்தனை ஸ்டாஃப் ரூமில் பார்த்திருக்கிறேன்! (வேதியியல் டீச்சராக நடித்தது ரோனா ஆண்டர்சன், ஜாக்சனின் நிஜ மனைவி.)

1971 முதல் 1975 வரை ஓடிய 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' தொடரில் லண்டன் பணக்கார வீட்டின் பட்லர், ஹட்சன். எனக்கு ஹட்சனைப் பிடிக்காது. மேலே இருப்பவன் மேலே, கீழே இருப்பவன் கீழே, அதுதான் உலக ஒழுங்கு என்று நம்புகிற ஆள். வேலைக்காரப் பெண்களை அவர் அதட்டும்போது எனக்கு டிவியை அணைக்கத் தோன்றும். ஆனாலும் எஜமானர் கூப்பிட்டதும் அந்த முதுகு நிமிர்கிற விதத்தைப் பார்த்தால் அவர் மேல் இரக்கம் வந்துவிடும். பிடிக்காத ஒருவன் மேல் இரக்கம் வரவைப்பது சின்ன வேலையா? 1976-இல் அமெரிக்காவில் எம்மி விருது கொடுத்தார்கள். எந்தப் பிரிவில் தெரியுமா? துணை நடிகர்! ஒரு வீட்டையே நடத்துகிறவன் அங்கேயும் துணைதான்.

'தி புரொஃபெஷனல்ஸ்' தொடரில் ஓடிப் பிடிக்கிற இரண்டு இளைஞர்களுக்கு மேலதிகாரியாக வந்தது தனிக் கதை, அது இன்னொரு நாள். 1990 ஜனவரியில் 66 வயதில் போய்ச் சேர்ந்தார்.

இவ்வளவு கோபம் எனக்கு எதற்கு என்று என் மனைவியே கேட்டாள். ஆண்டு விழா நாடகம் ஒன்றில் ஒரு பையனை ஈட்டி பிடிக்கும் காவலனாக நிறுத்தியிருந்தேன். பேச்சு சரளமாக வருகிற பிள்ளைகளுக்குத்தான் ராஜா வேஷம் கொடுப்பேன். ஒத்திகைக்கு வந்த அவன் அம்மா, "என் புள்ளைக்கு வசனம் இல்லையா சார்?" என்று கேட்டார். "துணை வேஷம்தாம்மா, சும்மா நின்னா போதும்" என்றேன். அந்தப் பையன் சும்மா நிற்கவில்லை. ராஜா வசனத்தை மறந்து விழித்தபோது, ஈட்டியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, உதட்டை அசைக்காமல் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தான். பரிசு ராஜாவுக்குத்தான் போனது. கொடுத்தது நான். நண்பர் எழுதிய அந்தச் சொல்லை அன்றைக்கு அந்த அம்மாவிடம் சொன்னவனும் நான்தான். அதனால்தான் இந்தக் கோபம்.

நண்பரே, இன்று ராத்திரி அந்த பஸ் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். ஜெர்மன்காரனைப் பார்க்க வேண்டாம், படியில் நிற்கிறவரை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கேயே வந்து எழுதுங்கள். சிரிப்புப் பொம்மை வேண்டாம்.