ஒரு திருகாணிதானே என்று எண்ணலாமா?

குக்கர் கைப்பிடிக்குத் திருகாணி கேட்டு வருபவரிடம் "ஏதோ ஒன்று சேரும்" என்று எடுத்துக் கொடுப்பது வியாபார தர்மம் அல்ல. அங்குல மரை, மில்லிமீட்டர் மரை இரண்டும் சந்தையில் புழங்குகின்றன. நாம் இரண்டு நூல் என்று சொல்லும் கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர். அருகில் வைத்தால் 6 மில்லிமீட்டர் ஆணியும் அதுபோலவே தெரியும். ஆனால் மரை சேராது. வலிந்து முடுக்கினால் மரை கெடும். கொதிக்கும் குக்கரைத் தூக்கும்போது கைப்பிடி கழன்றால் விளைவு என்ன?

பழைய ஆணியைக் கொண்டுவரச் சொல்வோம். அளவுக்கொரு டப்பா வைத்து, மாதிரி நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவோம். திருகிப் பார்த்தே கொடுப்போம். சரியான ஆணி இல்லையென்றால் இல்லை என்போம். சில்லறைச் சாமானில் நம்பியவர்தான் மாதச் சாமானுக்கும் நம் கடைப்படி ஏறுவார்.